லினக்ஸ் கர்னலில் சூழல் வினவும் வழக்கம்

செயலி ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கையில் வலையட்டையோ வட்டோ விசைப்பலகையோ எழுப்பும் குறுக்கீடு, அந்தக் காரியத்தின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எந்த இரண்டு ஆணைகளுக்கு இடையிலும் அது வந்து நிற்கக்கூடும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எக்ஸ்1 என்ற டச்சு இயந்திரத்துக்குக் குறுக்கீட்டைக் கையாளும் நிரலை இயற்றி, அவ்வனுபவத்தையே பொருளாகக் கொண்டு 1959-இல் தம் ஆய்வேட்டை அளித்த நாள் முதலாக, விரும்பியபோது மறுபடி நிகழ்த்திக் காட்ட இயலாத இந்தச் சம்பவத்தை நியமத்துக்குள் அடக்குவது எப்படி என்பது இத்துறையின் நீங்காத கவலையாக இருந்து வருகிறது.

லினக்ஸ் கர்னல் மேற்கொண்ட உபாயம் பிரசித்தமானது. சாதனத்துக்கு உடனே சொல்லவேண்டிய பதிலைக் குறுக்கீட்டிலேயே சொல்லிவிட்டு, மிச்சத்தை சாஃப்ட்ஐஆர்க்யூ என்னும் பிற்பகுதிக்கு அது ஒதுக்கிவிடுகிறது. இரண்டிடத்திலும் ஒரே விதி: உறங்கக்கூடாது. குறுக்கீட்டு நிரலுக்கெனத் தனி ஜீவிதம் கிடையாது. அகப்பட்ட ஏதோ ஒரு பணியின்மீது ஏறி ஓடும் அது நடுவில் உறங்கிவிட்டால், சம்பந்தமே இல்லாத அந்தப் பணியும் அதனுடன் சேர்ந்து முடங்கும்.

ஆகவே, தான் எந்தச் சூழலில் ஓடுகிறோம் என்பதைக் கர்னல் அறிந்திருக்க வேண்டியதாகிறது. அதற்காக அமைந்த ப்ரீஎம்ப்ட் கவுண்ட் என்ற 32 பிட் எண்ணியை, சிக்கனத்தின் சிகரம் என்றே நான் மதிக்கிறேன். அடியில் உள்ள எட்டு பிட்டுகள் பணிமாற்றத் தடையையும், அடுத்த எட்டு சாஃப்ட்ஐஆர்க்யூவையும், அதற்கு மேல் நான்கு வன்பொருள் குறுக்கீட்டையும் எண்ணுகின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்காக வந்தாலும் கூட்டலும் கழித்தலுமே போதும், பூட்டு எதுவும் வேண்டியதில்லை. பணியை மாற்ற வேண்டும் என்ற அறிகுறியையும் தலைகீழான ஒரு பிட்டாக அதிலேயே மடித்துவைத்து, ஒன்றைக் கழித்துச் சுழியா என்று பார்க்கும் ஒரே சோதனையில், மாற்றலாமா, மாற்ற வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எக்ஸ்86 செயலிகளில் விடை பெற்றார்களே, அந்தச் சாமர்த்தியம் எளிதில் வாய்ப்பதன்று.

தோஷம் எண்ணியில் இல்லை. அதை டிரைவர்கள் பிரயோகித்த முறையில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை தன் ஞாபகத்துக்காக எழுதிவைத்த சிட்டையை அயலான் சாசனமாகப் படித்ததுபோல, டிரைவர் எழுதியவர்கள் இந்த எண்ணியை இன்_இன்டரப்ட் என்ற வினாவின் மூலம் கேட்டு, குறுக்கீட்டில் இருக்கிறோம் என்றால் காத்திராமல் நினைவகம் கேட்பது, இல்லையென்றால் காத்திருந்து கேட்பது என்று ஒரே செயற்கூற்றுக்கு இரண்டு நடத்தைகளைக் கற்பித்தார்கள். அவ்வினாவோ மெய்யான குறுக்கீட்டுக்கு மட்டுமன்றி, சாஃப்ட்ஐஆர்க்யூவைச் சற்று நேரம் தடுத்துவைத்திருக்கும் சாதாரணப் பணிக்கும் ‘ஆம்’ என்றே சொல்லும். மறுபுறம், சாமான்ய ஸ்பின்லாக் என்னும் பூட்டைப் பிடித்துக்கொண்டு, உறங்கவே கூடாத நிலையில் இருப்பவனுக்கு ‘இல்லை’ என்று சொல்லி அவனை உறங்க அனுப்பிவிடும். இதற்குப் பரிகாரமாக இன்_அடாமிக் என்பதை நாடினாலும், பணிமாற்றக் கணக்கு வைக்காதபடி கட்டப்பட்ட கர்னலில் ஸ்பின்லாக் எண்ணியைத் தொடுவதே இல்லையாதலால், அதுவும் பொய் சொல்லும். டிரைவரில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை மூல நிரலிலேயே இருந்தும் பலர் பயன்படுத்தினார்கள். தவறான விடையோ நினைவகம் தட்டுப்படும் அபூர்வ வேளையில்தான் அனர்த்தமாக வெடிக்கும். மற்றக் காலமெல்லாம் அது பதுங்கியே கிடக்கும்.

இதைவிடப் பெரிய குறை என்று எனக்குத் தோன்றுவது வாசிப்பவனின் சிரமம். சூழலைக் கேட்டுத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் செயற்கூறு என்ன செய்யும் என்பதை அதன் வரிகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழைப்பவர் அனைவரையும், அவர்களை அழைப்பவர்களையும் தேடிப்போக வேண்டும். ஆனால் அழைப்பவனுக்கோ, தான் பூட்டைப் பிடித்திருக்கிறோமா என்பது பெரும்பாலும் நிச்சயமாகத் தெரியும். தெரிந்தவன் ஒரு தகவலாகச் சொல்லி அனுப்புவதை விட்டு, தெரியாதவன் ஊகிக்கும்படி விடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? தாமஸ் கிளைக்ஸ்னரும் செபாஸ்டியன் சீவியரும் 2020-இல் டிரைவர்களிலிருந்து இவ்வினாக்களைக் களையத் தொடங்கியது இந்த நியாயத்தின் பாற்பட்டதே.

அவர்களுக்கு வேறொரு நிர்ப்பந்தமும் இருந்தது. 2024-இல் 6.12 பதிப்பில் மூலக் கர்னலோடு சேர்ந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி ஏற்பாட்டில், குறுக்கீட்டு நிரல்களில் பெரும்பாலானவை தமக்கென்று இழைகளைப் பெற்றுவிடுகின்றன. ஸ்பின்லாக்குகளில் பெரும்பான்மையும் உறங்கவல்ல பூட்டுகளாக மாறிவிடுகின்றன. பழைய அனுமானங்களின்மேல் எழுந்த வினாவுக்கு அங்கே விடை கிடைத்தாலும் அதன் அர்த்தம் வேறு.

எனினும் வழக்கத்தை அடியோடு நிராகரிப்பதும் விவேகமாகாது. செய்தி அச்சிடும் பிரிண்ட்கே எந்த இடத்திலிருந்தும், தடுக்கவே இயலாத என்எம்ஐ குறுக்கீட்டினுள்ளிருந்தும் அழைக்கப்படுவதுண்டு. விபத்தின் நடுவில் அழைப்பவனைச் சூழலையும் கூறு என்று கேட்பது ஆகாது. மிதவைப்புள்ளிப் பதிவேடுகளை இப்போது தொடலாமா என்று மறையாக்க நிரல் கேட்பதும் இவ்வகையினதே: அது கேட்பது வன்பொருளின் நிலையை, தொடக்கூடாதென்றால் மெதுவான மாற்றுவழி ஒன்று அதன் கைவசம் இருக்கிறது.