ஆணிமுத்தும் அறநூலும்: வ.உ.சி. வைத்த அளவு

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்தை விலை பேசுமுன் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். சல்லடைக்குப் பெயர் அதன் துளைகளின் எண்ணிக்கைதான்: இருபது, முப்பது என்று தொடங்கி ஆயிரம் வரை போகும். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, மசங்கு என்று ரகம் பிரிப்பார்கள். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றான வைப்பாற்றுக்கு இந்த அளவும் தரமும் பழகிய விஷயம்.

திருக்குறளுக்கும் பழைய உரைகாரர்கள் பதின்மர். ஐவர் உரையே நமக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றுள் புகழ்பெற்ற பரிமேலழகர், மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை விடுவதுமே அறம் என்று வரையறுத்தார். அவருக்கு முந்திய மணக்குடவர் சொல்லுக்கு நேர்ப்பொருள் தந்து சுருக்கமாக நின்றுவிடுகிறார். அறத்தை எந்த அளவால் அளப்பது என்ற கேள்வி இந்த இருவருக்கும் இடையிலேயே தொடங்கிவிடுகிறது.

இக்கரை அந்தக் கேள்விக்குப் புதிதல்ல. 1578இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேற, முத்துக்குளித்துறைப் பரதவர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர் குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனில் பெயர்த்தார். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப் 1886இல் ஆங்கிலத்தில் தந்தார்.

ஆனால், அறத்தையும் அரசியலையும் ஒரே மூச்சில் சிந்தித்து, அதற்கு உடம்பால் விலை கொடுத்தவர் அந்த வைப்பாற்றுக்குத் தென்மேற்கே ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழன் என்று எல்லோரும் அறிவார்கள். அறநூலாசிரியராக அவரை அறிந்தவர் குறைவு. அது பெரிய குறை.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்றார். ஒன்பதே நாளில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அடுத்த சில நாள்களில், மார்ச் 12இல், கைதானார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். சிறைக்காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில், உடனிருந்த கைதிகள் கேட்டதற்காக ‘மெய்யறம்’ எழுதினார். தண்டனைக் கைதிகள் கேட்டுப் பிறந்த அறநூல் அது; தமிழில் வேறொன்று அப்படி உண்டா என்று தேடத்தான் வேண்டும்.

மெய்யறத்தில் 125 அதிகாரங்கள்; ஒவ்வொன்றிலும் பத்து வரிகள். குறளின் வழிநூல்தான், ஆனால் அடுக்கு வேறு. மாணவரியல் முதலில் வருகிறது. பிறகு இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல். படிப்பவன் இல்லறத்தானாகி, நாடாளும் கடமை அறிந்து, அந்தணனாக உயர்ந்து, மெய்யுணர்வை எட்டுகிறான். அந்தணன் இங்கே பிறப்பால் வருபவன் அல்லன். ஒழுகி ஏறும் படி அது. ஐந்தில் பெரியது அரசியல், 50 அதிகாரங்கள். அடிமை நாட்டுச் சிறையில் இருந்தவர் ஆட்சிக்கு இத்தனை இடம் ஒதுக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கவிதைச் சுவையில் மெய்யறம் வள்ளுவரோடு நிற்காது. வ.உ.சி.க்கு வேண்டியிருந்தது, கைதியும் மனத்தில் இருத்திக்கொள்ளும் சின்ன வரி.

விடுதலைக்குப் பிறகு வறுமை வாட்டியபோதும் ஆராய்ச்சி நிற்கவில்லை. மணக்குடவரின் அறத்துப்பால் உரையை 1917இல் பதிப்பித்தார். 1935இல் அறத்துப்பாலுக்குத் தாமே விருத்தியுரை தந்தார். கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை ஆகிய மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் வாக்கல்ல என்று துணிந்து சொன்னார். ஏற்காதவர் பலர். அந்தத் துணிச்சலும் உரைமரபின் சொத்துதான். சல்லடையில் இடாமல் எதையும் அவர் வாங்கியதில்லை.

சிறைத் தண்டனையால் பறிபோன வக்கீல் சன்னதை அவர் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்து, அந்த ஒரு மனிதரின் உதவியை வீட்டுக்குள் நாள்தோறும் அழைத்துக்கொண்டிருந்தார்.