மூலமும் மறுமொழியும்

திருக்குறள் உரைகளைக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் ஓர் இடர்ப்பாட்டை அறிவர். பரிமேலழகர் பிறர் கொண்ட பொருளை மறுக்குமிடத்துப் பெரும்பாலும் அவர் பெயரைச் சுட்டுவதில்லை. யாரை மறுத்தார் என்பதைப் பழைய உரைகளை அருகருகே வைத்துத்தான் காணவேண்டும். இற்றை இணையத் தமிழிலும் மூலமும் மறுப்பும் ஒன்றையொன்று அறியாமலே கிடக்கின்றன.

2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டிற்று. கோலசிலாங்கூர் வாசகனுக்கும் அயல்நாட்டில் எழுதியவர்க்கும் அது பொதுத் திண்ணையாயிற்று. அத்தொண்டைக் குறைத்துக் கூறலாகாது. ஆயினும் பதிவுகளை இணைத்தது திரட்டியே. அவை தமக்குள் நேரே இணையவில்லை. பின்னர் எழுதுவோர் பலர் முகநூலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்குக் காலையில் கண்ட நல்ல மதிப்புரையை மறுநாள் தேடிப் பிடிப்பதே அரிது!

2017 சனவரியில் டபிள்யூ3சி என்னும் வலைத் தர அமைப்பு ஏற்ற 'வெப்மென்ஷன்' முறை இக்குறையை ஒருவாறு தீர்க்கிறது. ஒருவர் தம் தளத்தில் ஒரு சிறுகதையை ஆராய்ந்து, அக்கதையின் முகவரிக்குச் சுட்டி தருகிறார் என்று கொள்வோம். இரு பக்கங்களின் முகவரிகளும் கதை உள்ள தளத்துக்கு அனுப்பப்படும். சுட்டி உண்மையிலேயே உளதா என்று அத்தளம் பார்த்தபின்னரே மறுமொழியை ஏற்கும். அதனைக் கதையின்கீழ்க் காட்டுவதும் விடுவதும் கதையாசிரியர் விருப்பம். ஆராய்ச்சியோ எழுதியவர் வீட்டிலேயே இருக்கும்.

எழுதி வைத்தபடியே நிற்கும் எளிய பக்கங்களுக்கு இவ்வஞ்சலைத் தாமே பெறும் ஆற்றல் இல்லை. வெப்மென்ஷன்.ஐஓ போன்று பிறர் நடத்தும் பெறுநிலையத்தை நாட வேண்டும். சொந்த வீடு வேண்டுமென்று புறப்பட்டவர் கடிதத்துக்கு மட்டும் அயலார் வாயிலில் நிற்பது எனக்கு உவப்பாயில்லை. வந்தவற்றைப் படியெடுத்துத் தம் பக்கத்திலேயே சேர்ப்பாராயின், அந்நிலையம் மூடப்படினும் இழப்பு சிறிது.

பெருங்குறை வேறு. இதற்குரிய விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவையும் நிரல் எழுதத் தெரிந்தோரை நோக்கியே பேசுகின்றன. தமிழாசிரியர் எவ்வாறு நுழைவார்?

முதலில் தளத்துக்குச் சொந்தப் பெயர் வேண்டும். வட சிலாங்கூரில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. இடம் மாறிய பள்ளிகள் சில இன்னும் தோட்டப் பெயரையே தாங்குகின்றன. பழைய மாணவர் அப்பெயரைக் கேட்டே வந்து சேர்கின்றனர். தளத்தை எங்கு மாற்றினும் பெயரைப் புதுப்பித்துப் பக்கங்களின் முகவரிகளையும் மாற்றாது வைத்தால், பிறர் தந்த சுட்டிகள் பிழைக்கும். எங்கள் மாணவர் கட்டுரைகளுக்கு அவ்வளவே செய்திருக்கிறோம். மறுமொழி பெறும் ஏற்பாடு இனித்தான்.