மரின் பரேட் அரங்கும் 'சமூகம்' என்னும் சொல்லும்

சிங்கப்பூர் நாடக வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களை முன்னிறுத்துவது வழக்கமாகிவிட்டது. எக்குழு எந்த ஆண்டில் எங்குக் குடியேறியது என்பதே வரலாறாகிவிடுகிறது. 'தி நெசசரி ஸ்டேஜ்' நாடகக் குழுவைப் பொறுத்தவரை இம்முறை பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும் எனக் கருதுகிறோம்.

1987இல் ஆல்வின் டான் தொடங்கிய இக்குழு, 2000ஆம் ஆண்டில் மரின் பரேட் சமூகக் கட்டடத்தில் இடம்பெற்றது. கடலைத் தூர்த்த நிலத்தில் 1970களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டை அது. சமூக மன்றமும் பொது நூலகமும் சிறு அரங்கும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. சமூக நாடகத்திற்கு இதைவிடப் பொருத்தமான முகவரி இல்லை என்று தோன்றும்.

ஆயினும் இக்குழுவின் சமூகத் தன்மை அம்முகவரியில் பிறந்ததன்று. 1993இல் மேடையேறிய 'ஆஃப் சென்டர்' நாடகத்தை நோக்குவோம். மனநோயால் அலைவுறும் வினோத், சலோமா என்னும் இளையர் இருவரின் கதை அது. குழுவினர் மனநோயாளிகளைச் சந்தித்து உரையாடினர். நடிகர்கள் ஒத்திகையில் காட்சிகளை உருவாக்கிப் பார்த்தனர். அவற்றிலிருந்தே ஹரேஷ் ஷர்மா பிரதியை எழுதினார். சுகாதார அமைச்சின் ஆதரவுடன் தொடங்கிய முயற்சி இது. பிரதி உருவானபின் அமைச்சு 30,000 வெள்ளி நிதியை விலக்கிக்கொண்டது. குழு தன் பொறுப்பிலேயே நாடகத்தை அரங்கேற்றியது.

அதே ஆண்டில், பிரேசில் நாட்டு அகஸ்டோ போல் வகுத்த விவாத அரங்கையும் இக்குழு நிகழ்த்தியது. பார்வையாளரே மேடையேறிக் காட்சியின் போக்கை மாற்றும் வடிவம் இது. எழுதிமுடித்த பிரதி இல்லாத இவ்வடிவத்திற்கு நிதியளிப்பதில்லை என 1994 ஜனவரியில் அரசு அறிவித்தது. அந்நிலை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. இவ்விரு நிகழ்வுகளையும் தணிக்கை வரலாற்றின் கிளைக்கதைகளாக ஒதுக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. சமூகம் பார்க்கும் இடத்திலிருந்து பேசும் இடத்திற்கு நகர்ந்ததே இரண்டிலும் உரசலுக்குக் காரணம். மரின் பரேட்டுக்குக் குழு எடுத்துச்சென்றது இந்த ஆக்கமுறையைத்தான். ஐயத்துக்குள்ளான குழுவுக்கு ஆறே ஆண்டுகளில் சமூக மன்றத்தின் கூரையே நிழலானது விந்தைதான்!

2007இல் 'ஆஃப் சென்டர்' கல்வி அமைச்சால் உயர்நிலைப்பள்ளி ஆங்கில இலக்கியப் பாடநூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மகிழத்தக்க ஏற்புதான். எனினும், அச்சேறிய பிரதியில் எஞ்சுவது ஒரே ஆசிரியரின் பெயர். பல குரல்கள் கூடிச் செதுக்கிய உரையாடல், பாத்திரப் பண்பு வினாக்களுக்கான விடையாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு. ஹரேஷ் ஷர்மாவின் ஆசிரியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது எவ்வாறு உருவானது என்பதையும் வகுப்பறை அறியவேண்டும் என்கிறோம். தமிழ் வகுப்பில் நாடகம் கற்பிப்போருக்கும் இது பொருந்தும். பாத்திரங்கள் பார்வையாளரை நேரே விளிக்கும் பகுதிகளை மௌன வாசிப்புக்கு விடாமல் மாணவர் ஒருவரை எழுந்து பேசச் செய்தால், தம்மை நோக்கிப் பேசுவோருக்கு மற்றவர்கள் என்ன மறுமொழி தருவார்கள் என்னும் வினா அங்கேயே எழும்.