‘டிஸ்ட்ராக்ட்’ என்னும் ஆங்கில வினையும் அதன் தமிழ் நிகரன்களும்

ஓர் ஆங்கில வினைக்குத் தமிழில் பல நிகரன்கள் வழங்குமாயின், அவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வதா, பொருள் வேறுபாடுடையனவாகக் கொள்வதா என்பது அகராதியியலார் எதிர்கொள்ளும் சிக்கலாகும். கவனத்தை வேறுபுறம் செலுத்துதலைக் குறிக்கும் ‘டிஸ்ட்ராக்ட்’ இதற்குத் தக்க சான்று. திசைதிருப்பு, சிதறடி, கலை, பராக்குக் காட்டு என்பவற்றை வேறுபாடு காட்டாது அடுக்கித் தரும் முறை மொழிபெயர்ப்பாளருக்குப் போதிய துணையாவதில்லை.

இவ்வினையின் மூலமான இலத்தீன் சொல் ‘பிரித்து இழுத்தல்’ எனப் பொருள்படும். இதனோடு ஒத்த பொருளில் வரும் ‘டைவர்ட்’ என்பதன் மூலமோ ‘வேறுபுறம் திருப்புதல்’ எனப் பொருள்படும். இவ்விரு கருத்துகளும் தமிழில் தனித்தனி வினைகளாகவே உள்ளன. சிதறுதல் பிரிதலைச் சுட்டும். சிதறிய கவனத்திற்குச் சென்றடையும் இடம் இல்லை. திருப்புதல் இடமாற்றத்தைச் சுட்டும். திருப்பப்பட்ட கவனம் மற்றொரு பொருளில் நிலைகொள்கிறது. ஆகவே இவை ஒன்றற்கொன்று பதிலாக வாரா.

தொடரமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் ஆளே செயப்படுபொருளாக வரலாம். தமிழில் ‘அவனைத் திசைதிருப்பினர்’ என்பதனினும் ‘அவன் கவனத்தைத் திசைதிருப்பினர்’ என்பதே தெளிவுடையது. ஆங்கிலத்தில் ஓசை முதலிய அஃறிணைப் பொருள் எழுவாயாக இயல்பாக வரும். தமிழிலோ ‘ஓசையால் கவனம் சிதறியது’ எனத் தன்வினையாக்கி, அஃறிணைப் பொருளை மூன்றாம் வேற்றுமை ஏற்கச் செய்வதே மரபு.

இவ்வேறுபாடு நடையளவில் நின்றுவிடுவதன்று. பொறுப்பு யாருடையது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ‘கவனத்தைத் திசைதிருப்பி நகை பறித்தனர்’ என்னும் செய்தித்தொடரில் வினைமுதலின் உள்நோக்கம் வெளிப்படை. ‘ஓட்டுநரின் கவனம் சிதறியது’ என்பதில் உள்நோக்கம் இல்லை. பிறர் தூண்டினரா என்பதும் புலப்படவில்லை. சாட்சியுரையை மொழிபெயர்ப்போர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பின், குற்றம் விபத்தாகவும் விபத்து குற்றமாகவும் மாறக்கூடும்.

‘பராக்கு’ தனித்து நோக்கத்தக்கது. கட்டியங்கூறுவோர் ‘பராக்கு’ எனக் கூவியது அவையோரின் கவனத்தை ஈர்த்தற்பொருட்டு. ‘பராக்குப் பார்த்தல்’ என்பதோ கவனமின்மையைக் குறிக்கிறது. குழந்தைக்குப் பராக்குக் காட்டிச் சோறூட்டுவதில் ஏமாற்று இல்லை, பரிவே உண்டு. இவ்வுணர்வுச் சாயலைத் ‘திசைதிருப்பு’ தாராது.

தமிழும் மலையாளமும் அருகருகே பயிலப்படும் இடங்களில் இச்சிக்கல் மேலும் நுட்பமாகிறது. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையும், மேனங்குளத்தில், 1977-இல் தோன்றிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனமும் உள்ளன. இத்தகைய ஒப்பாய்வுச் சூழலுக்கு உரிய சான்று, மலையாளத்தின் ‘சிரத்த திரிக்குக’ என்னும் தொடர். மலையாளத்தில் ‘சிரத்த’ கவனத்தைக் குறிக்கும். தமிழில் ‘சிரத்தை’ ஈடுபாட்டையும் நம்பிக்கையையும் குறிக்கும். மலையாளத்தில் ‘திரிக்குக’ திருப்புதல் ஆகும். தமிழில் ‘செய்தியைத் திரித்தல்’ எனும்போது பொய்ப்படுத்தல் ஆகும். பால் திரிதல், தொல்காப்பியத்துத் திரிசொல் ஆகியவற்றில் மாறுதற்பொருள் நிற்கிறது. ஓரினச் சொற்களே ஆயினும் அவற்றை அப்படியே பெயர்த்தமைக்கும் தொடர் பொருள் பிறழ்ந்து நிற்கும். சொல் ஒற்றுமை கண்டு பொருள் ஒற்றுமை கொள்வது இனமொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் தவிர்க்க வேண்டிய வழு.

எனவே இவ்வினைக்குரிய அகராதிப் பதிவில் மூன்று குறிப்புகள் இன்றியமையாதன: வினைமுதலுக்கு உள்நோக்கம் உண்டா என்பது, கவனம் சிதறுகிறதா, வேறொன்றிற்குச் செல்கிறதா என்பது, செயலில் வஞ்சமா, பரிவா என்பது. இவற்றோடு ஒவ்வொரு நிகரனுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தொடரும் தரப்படின், அகராதி வெறும் சொற்பட்டியலாக நில்லாது, பயன்படுத்துவோர்க்குத் தெரிவு செய்யும் அளவுகோலாகவும் அமையும்.