துளியும் கிண்ணமும்: கத்தோலிக்க வழிபாட்டில் 'இறைத்தன்மையில் பங்கு'

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் முத்தாலம்மன் கோயிலும், அருகே தாடிக்கொம்பில் சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் உள்ளன. நகருக்குள் வந்தால், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியுள்ள பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலையும், 2003ஆம் ஆண்டில் உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்தின் புனித வளனார் பேராலயத்தையும் காண்கிறோம். இத்துணை நெருக்கத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தும், அண்டை வீட்டார் தம் வழிபாட்டில் இறைவனிடம் எதை வேண்டுகின்றனர் என்பதை நாம் அறிந்தது சொற்பமே. அறியாமலே தீர்ப்புரைத்தது மிகுதி.

கத்தோலிக்கத் திருப்பலியில் எளிதில் கண்ணிற் படாத ஒரு செயல் உண்டு. காணிக்கைப் பாடலை மக்கள் பாடிக்கொண்டிருக்கையில், திராட்சை இரசம் உள்ள கிண்ணத்தில் குருவானவர் சிறிது தண்ணீரைக் கலக்கிறார். அப்போது தாழ்ந்த குரலில் ஒரு மன்றாட்டையும் சொல்கிறார். நம் மனித இயல்பில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்திக்கொண்ட கிறிஸ்துவின் இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அதன் கருத்து. உரோமைத் திருச்சபையின் மிகப் பழைய மன்றாட்டுத் தொகுப்பில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரியதாக இருந்த மன்றாட்டே இவ்வாறு சுருங்கி அன்றாட வழிபாட்டில் நிலைபெற்றது. பாடலின் ஓசையில் மறைந்துபோகும் இச்சொற்களில்தான் அச்சமயத்தின் ஆன்மிக வாழ்வு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

இதைக் கேட்கும் முஸ்லிம் உள்ளத்தில் இரு வகை எதிர்வினைகள் எழக்கூடும். 'மனிதன் கடவுளாகிறான் என்பதா? இது வெளிப்படையான ஷிர்க்' என்பது ஒன்று. 'நம் ஸூஃபிகள் ஃபனா என்றதும் இதுவே; சொல் வேறு, பொருள் ஒன்று' என்பது மற்றொன்று. முன்னது விசாரணையின்றித் தண்டிக்கிறது. பின்னது விசாரணையின்றி விடுதலை செய்கிறது. இரண்டும் நீதியாகா என்பதே நம் கருத்து.

முதலில் அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் வண்ணமே கேட்போம். இரண்டாம் நூற்றாண்டின் இரனேயுவும் நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுவும், மனிதன் உயர்த்தப்படவே இறைமகன் மனிதரானார் என்று போதித்தனர். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், தன் 460ஆம் பத்தியில் இவ்விருவரின் கூற்றுகளையும் பேதுருவின் இரண்டாம் திருமுகத்தோடு (1:4) இணைத்துத் தருகிறது. ஆயினும் இவ்வுயர்வு இயல்பால் அமைவதன்று, அருளால் அமைவது என்பதில் அச்சபை உறுதியாக நிற்கிறது. கிறிஸ்து இயல்பால் மகன். ஏனையோர் சுவீகாரத்தால் பிள்ளைகள். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைக் கூறினாலும் அதனினும் பெரிய வேற்றுமை அங்கே உண்டு என்று வரையறுத்தது. மறைஞானி எக்கார்ட்டின் துணிந்த கூற்றுகள் பலவற்றை 1329இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் கண்டித்தார். ஆகவே அவர்களிடமும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்குக் காவலும் உண்டு.

அக்கோட்டை மிக அழகாகக் காத்தவர் ஸ்பெயினின் சிலுவை யோவான் (மறைவு 1591). கதிரவன் ஒளி படும் சன்னற் கண்ணாடியை அவர் உவமையாக எடுத்தார். மாசற்ற கண்ணாடி முழுவதும் ஒளிமயமாகி ஒளியே போலத் தோன்றும்; ஆயினும் அது கண்ணாடியாகவே இருக்கும். ஆன்மாவும் அவ்வாறே என்றார் அவர்.

தமிழில் இக்கோட்பாடு வேறொரு சிக்கலைச் சந்திக்கிறது. பேதுருவின் அவ்வசனத்தைப் புரோட்டஸ்டண்டாரின் பழைய மொழிபெயர்ப்பு 'திவ்விய சுபாவம்' என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைத்தன்மை' என்கிறது. சுபாவம் என்பது நம் பேச்சு வழக்கில் குணத்தையே குறிக்கும். அதைக் கேட்கும் தமிழ் முஸ்லிமுக்கு, அல்லாஹ்வின் பண்புகளுக்கு இயைய நம் பண்பைச் செம்மை செய்தல் என்று இமாம்கள் கூறிய 'தகல்லுக்' நினைவுக்கு வரும். அவருக்கு அதில் உறுத்தல் இராது. 'இறைத்தன்மை' என்றாலோ உள்ளமை பற்றிய வினா உடனே எழுந்துவிடும். மூலமான கிரேக்கச் சொல் இயல்பையே சுட்டுவதால் பிந்திய பெயர்ப்பே நெருக்கமானது. மேலும், மறைந்த மாந்தரைத் தெய்வமாக வணங்குவதும் 'நானே அது' என்னும் வேதாந்தமும் நெடுங்காலம் புழங்கிய மண் இது. இங்கே 'தெய்வமாதல்' என்று சொன்னால், திருச்சபை இட்ட எல்லைக்கோடு கேட்பவர் செவியை எட்டுமுன்பே அழிந்துபோகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. திண்டுக்கல்லுக்கு வடக்கே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குருக்களான ஜூல் மோன்ஷனேனும் ஆன்றி லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என வழங்கும் அவ்விடத்தின் பெயரிலேயே சத், சித், ஆனந்தம் என்னும் மூன்றையும் திரித்துவத்தோடு பொருத்தும் முயற்சி உள்ளது. அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ, திருவண்ணாமலையின் குகைகளில் அத்வைத அனுபவத்தைத் தேடினார். அங்கே கண்டதற்கும் தம் பலிபீடத்தின் சொற்களுக்கும் இடையே அவர் பட்ட தவிப்பை, 1973இல் அவர் மறைந்த பின் வெளியான நாட்குறிப்பு காட்டுகிறது. மோன்ஷனேனோ அத்வைதமும் கிறிஸ்தவமும் ஒன்றாக இசையும் என்பதில் வரவர ஐயமுற்று, 1957இல் மறைந்தார். ஒரே ஆசிரமத்தில், ஒரே பலியை ஒப்புக்கொடுத்த இருவர், ஒரே எல்லைக்கோட்டின் முன் பிரிந்து நின்றனர்.

அத்தவிப்பின் ஊற்று வெளியில் மட்டும் இல்லை. அந்தக் கிண்ணத்துக்குள்ளும் இருக்கிறது என்பதே நாம் முன்வைக்கும் விமர்சனம். இரசத்தைக் கிறிஸ்துவுக்கும் தண்ணீரை மக்களுக்கும் அடையாளமாக்கி, கலந்தபின் இரண்டையும் பிரிக்கவியலாது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜின் சிப்ரியான் விளக்கினார். பிரியாத அன்புக்கு அது நல்ல அடையாளமே. ஆனால் இரசத்தில் விழுந்த துளிக்குத் தனி நிறமில்லை, சுவையில்லை, பெயருமில்லை. கோட்பாடு படைப்பின் வேற்றுமையைக் காக்கிறது. உவமையோ அதைக் கரைத்துவிடுகிறது. சிலுவை யோவானின் கண்ணாடி காத்த எல்லையை, அன்றாடத் திருப்பலியின் துளி காக்கவில்லை.

இக்குறையைச் சுட்டும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கடலில் கலந்த துளி என்று பாடிய ஸூஃபிக் கவிஞர்கள் நம்மிடமும் உண்டு. தன்னையே 'ஹக்' என்று கூறியதாகச் சொல்லப்படும் ஹல்லாஜ், ஹிஜ்ரி 309இல் (கி.பி. 922) பக்தாதில் கொல்லப்பட்டார். அவரது வாழ்வையும் மரணத்தையும் விரிவாக ஆராய்ந்து 1922இல் பெருநூலாக வெளியிட்ட லூயி மாசினியோன் ஒரு கத்தோலிக்கர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஹல்லாஜைப் போன்றோரின் சொற்களை ஆராய்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தம் 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் வேறொரு கிண்ணத்தைக் காட்டுகிறார். கண்ணாடிக் கிண்ணம் மிக மெல்லியது. அதிலுள்ள மதுவோ மிகத் தெளிந்தது. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றுகின்றன. ஆயினும் 'கிண்ணமே மது' என்பதற்கும் 'கிண்ணமே மது போல் இருக்கிறது' என்பதற்கும் வேறுபாடு உண்டு என்கிறார் இமாம். அந்தப் 'போல்' என்னும் ஒரு சொல்லில் தவ்ஹீதின் நுட்பம் முழுவதும் தங்கியுள்ளது. இறைவன் அடியானுக்குள் இறங்கிக் குடியேறும் ஹுலூலும், இருவரும் ஒன்றாகிவிடும் இத்திஹாதும் அதனால் விலக்கப்படுகின்றன. உபரி வணக்கங்களால் நெருங்கிவரும் அடியானின் செவியாகவும் பார்வையாகவும் தான் ஆகிவிடுவதாக அல்லாஹ் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸ் குத்ஸியும் இந்த ஒளியிலேயே விளங்கும். அந்நெருக்கத்திலும் அவன் அடியானே. அவன் கேட்கிறான், இறைவன் கொடுக்கிறான்.

எனில் சிலுவை யோவானும் கஸ்ஸாலியும் ஒன்றையே சொன்னார்களா? இல்லை. இருவரும் கண்ணாடியைக் கண்டனர். ஆனால் ஒளி வரும் வழி வேறு. கத்தோலிக்கருக்கு இப்பங்கேற்பு முழுவதும், இறைமகன் மனித உடல் எடுத்தார் என்னும் நம்பிக்கையில் தொங்குகிறது. அந்நம்பிக்கையைக் குர்ஆன் மறுக்கிறது. ஈஸா (அலை) அவர்கள் இறைத்தூதர், இறைவனின் அடியார். ஆகவே நம் உண்மையான கருத்துவேறுபாடு 'மனிதன் எவ்வளவு உயரலாம்' என்பதைப் பற்றியதன்று. 'இறைவன் மனிதனாக இறங்கினானா' என்பதைப் பற்றியது. இதை உணராமல் நிகழும் விவாதங்கள் வேரை விட்டுக் கிளையை வெட்டுபவை.

இவ்விடத்தில் ஆல இம்ரான் அத்தியாயத்தின் 79ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது. வேதமும் நபித்துவமும் வழங்கப்பட்ட எந்த மனிதரும் தம்மை வணங்குமாறு மக்களிடம் கூறமாட்டார் என்று மறுக்கும் அவ்வசனம், மறுப்போடு நின்றுவிடவில்லை. 'ரப்பானிய்யீன்' ஆகுங்கள் என்றே அவர் கூறுவார் என்கிறது. ரப் என்னும் இறைப்பெயரிலிருந்தே பிறந்த சொல் அது. இறைவனுக்கே உரியோராக வாழ்வதைக் குறிப்பது. மனிதனின் உயர்வு குறித்த ஏக்கத்தை இஸ்லாம் அணைக்கவில்லை. அதற்குத் தகுந்த பெயரைத் தந்தது.

அதனினும் ஆழமான குறிப்பு ஒன்றுண்டு. நபி (ஸல்) அவர்களின் இரவுப் பயணத்தைக் கூறும் இடத்தில் குர்ஆன் அவர்களுக்குச் சூட்டும் பெயர் 'அப்து', அதாவது அடியார் என்பதே (17:1). ஸர்ஹிந்தின் ஷைகு அஹ்மத் (ரஹ்) அவர்களும் அடிமைத்துவத்தையே ஆன்மிகப் படிகளில் உச்சமாகக் கொண்டார்கள். அடியான் தன் இறைவனுக்கு மிக நெருங்கியிருப்பது ஸஜ்தாவில் என்பது நபிமொழி. நெற்றி மண்ணைத் தொடும் அக்கணத்தில் துளி கரைவதில்லை. கிண்ணம் கிண்ணமாகவே இருந்து ஒளி பெறுகிறது. புனித வளனார் ஆலயத்தில் தாழ்ந்த குரலில் எழும் மன்றாட்டை இனி நாம் கேட்க நேர்ந்தால், ஏளனமும் வேண்டா, போலி இசைவும் வேண்டா. அண்டை வீட்டாரின் தாகத்தை அறிந்து, நம் விடையைத் தெளிவாகவும் கனிவாகவும் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.