மறைந்துகொள்ளும் வீடு

ஸ்வீடனின் வடக்கே, ஹராட்ஸ் என்ற கிராமத்தை ஒட்டிய காட்டில், ஒரு மரத்தின் தண்டைச் சுற்றித் தொங்கும் கண்ணாடிக் கனசதுரத்தின் புகைப்படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது பரவசம்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 மீட்டர். அலுமினியச் சட்டகம், உள்ளே ஒட்டுப்பலகை, வெளியே நிலைக்கண்ணாடி. தாம், விடேகோர்ட் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் அலுவலகம் ஒரு விடுதியின் அறையாக 2010இல் செய்தது. வானமும் கிளைகளும் அதன் முகங்களில் விழ, வீடு இருக்குமிடத்தில் காடுதான் தெரிகிறது. கட்டடக்கலை தன் அகங்காரத்தைக் கைவிட்ட தருணம் என்று அன்று நோட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியை இன்று அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரதிபலிக்கும் காட்டைக் காடென்றே நம்பிப் பறவைகள் கண்ணாடியில் வந்து மோதும். இதைத் தவிர்க்க, பறவைகளுக்கு மட்டும் தெரியக்கூடிய புற ஊதா வண்ணப் படலம் ஒன்றைக் கண்ணாடியில் சேர்த்திருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆக, இந்த வீடு மனிதனுக்குக் காடு; பறவைக்குச் சுவர். காட்டில் நிரந்தரமாக வாழும் ஜீவனிடம் அது தன் இருப்பை அறிவித்தாக வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் தங்க வருபவனிடம் மட்டுமே ஒளிந்துகொள்கிறது. கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. பறவையிடம் அவர்கள் யோக்கியமாக நடந்துகொண்டார்கள். 'காட்டோடு இயைந்த வீடு' என்று நாம் கூசாமல் சொல்கிறோமே, அந்தச் சொல்லில்தான் பாசாங்கு இருக்கிறது. அது இயைந்திருப்பது காட்டைப் பற்றி நம் மனசிலிருக்கும் சித்திரத்தோடு.

காட்டுக் குடிலின் வடிவமைப்பு என்று இப்போது பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சித்திர வேலைதான். பட்டை உரிக்காத மரத்துண்டுகள், பாசி படர்ந்த கூரை, இலைப்பச்சைச் சாயம். எல்லாம் உவமை, மேலோட்டமான உவமை. காட்டுக்கும் வீட்டுக்குமான உண்மையான உறவு மண்ணுக்கடியில் நடக்கிறது. மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 2 அடிக்குள்தான், கிளைகளின் வட்டத்தையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. அஸ்திவாரத்துக்காக வெட்டும் வாய்க்கால் அவற்றை அறுக்கிறது. சாமான் ஏற்றிவரும் லாரி மண்ணை இறுக்கி, அதிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுகிறது. மரம் அன்றே சாவதில்லை. சில வருஷங்கள் கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்குகிறது. அதற்குள் வீட்டின் புகைப்படம் பத்திரிகைகளில் வந்து முடிந்திருக்கும். வேர்களுக்கிடையே இடம் பார்த்து ஊன்றிய சில ஒல்லியான கால்கள், மண்ணைத் தொடாத தளம், இரண்டு பேர் தலைச்சுமையாகக் கொண்டுபோகக்கூடிய பாகங்கள், அதனாலேயே சிறியதாக இருக்க வேண்டிய கட்டாயம் – இவை புகைப்படத்தில் அழகாக விழாத விஷயங்கள்.

தோரோவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. வால்டன் குளத்தருகே எமர்சனின் நிலத்தில் 10 அடிக்கு 15 அடியில் கட்டிய குடிலுக்கு 28 டாலர் 12½ சென்ட் ஆயிற்று என்று கணக்கு எழுதினார். 1845 ஜூலை 4 அன்று குடியேறினார். அந்தக் கணக்கு அவருடைய தத்துவ விசாரங்கள் பலவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீடு எதிலிருந்து வந்தது என்பதை அது மறைக்கவில்லை. ரயில்பாதையில் வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்துத்தான் பலகைகள் கிடைத்தன. மறுநாள் காலை அந்தக் குடும்பம் ஒரே மூட்டையோடு தெருவில் போவதையும் தோரோவே பதிவு செய்கிறார். அவர்களுடைய பூனை காட்டுக்குள் ஓடிப்போய்ப் பொறியில் சிக்கிச் செத்தது. கணக்கில் வராத ஒன்றும் உண்டு. அதற்கு முந்தைய வருஷம், 1844 ஏப்ரலில், அவரும் நண்பர் ஒருவரும் மீன் சமைக்க மூட்டிய நெருப்பு பரவிக் கான்கார்ட் காட்டில் சுமார் 300 ஏக்கர் எரிந்துபோயிற்று. தோரோவைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. காட்டைக் கொளுத்திய கை கட்டிய குடில் என்று அறிந்த பிறகுதான் அந்தக் கணக்கின் கறார்த்தன்மை எனக்குப் புரிந்தது.

1847இல் அவர் வெளியேறினார். குடில் இடம் மாறித் தானியக் கொட்டகையாகி, பிறகு பிரிக்கப்பட்டு அழிந்தது. 1945இல் ராபின்ஸ் என்பவர் தோண்டிப் பார்த்துப் புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டுபிடித்த பிறகே அது நின்ற இடம் உறுதியாயிற்று. நூறு வருஷத்தில் காடு மூடிவிட்டிருந்தது. குடில் காட்டோடு இயைந்தது என்று சொல்வதானால் அப்போதுதான், அது இல்லாமல் போன பிறகுதான் இயைந்தது.

இந்த இல்லாமல் போவதையே வடிவமைப்பில் வைத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். ஜப்பானியத் துறவி காமோ நோ சோமெய், 1212இல் எழுதிய 'ஹோஜோகி'யில், ஹினோ மலையில் தான் கட்டிய குடிலை விவரிக்கிறார். ஏறக்குறைய 10 அடிச் சதுரம், 7 அடிக்கும் குறைவான உயரம். மூட்டுகளைக் கொக்கிகளால் இணைத்திருந்தார். மனசுக்கு ஒவ்வாமல் போனால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிவிடலாம். வீட்டின் முதல் வரைபடமே அதைப் பிரிக்கும் வரைபடமாக இருக்கிறது. ஆனால் கடைசியில் அவர், இந்தக் குடிலின் மீது தனக்கிருக்கும் பிரியமும் ஒரு பற்றுதானே என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். மனசு பதில் சொல்லவில்லை. நான் சொன்ன மூன்று வீடுகளில் தன்னைச் சந்தேகிப்பது இது ஒன்றுதான்.

கண்ணாடிக் கனசதுரத்தில் நான் மயங்கியது தற்செயலல்ல. ஆசிரியனே தெரியாத கவிதை என்று நம் வட்டத்தில் பாராட்டி வந்திருக்கிறோமே, நானும் எழுதியிருக்கிறேன், அந்த ரசனையின் மயக்கம் அது. ஆசிரியன் எங்கும் போய்விடுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். அதைவிட, தன் பலகை யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும் எழுத்து மேல் என்று இப்போது எனக்குப் படுகிறது.

காட்டில் குடில் கட்ட நினைப்பவர் யாராவது வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினால், எப்படித் தெரியும் என்று இனிமேல் கேட்கமாட்டேன். பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்பேன். அப்புறம், பறவைக்குத் தெரியுமா என்று.