ஓசூர்ச் செடிவரிசையும் யாழ்ப்பாணத்துக் கதியாலும்

ஓசூர் சிப்காட்டில் மதிலை ஒட்டி ஒரு செடிவரிசை, அதற்குள் ஒரு புல்வெளி என்று இல்லாத ஆலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெரிய ஆலைகளுக்கு, நிலத்தில் 33 சதவீதம் பசுமைப் பட்டையாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 900 மீட்டரில், இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கிற ஊர் இது. ஜூனில் தொடங்கி நவம்பர் வரை அந்த வரிசைகளிலுள்ள துரந்தாவும் அக்காலிஃபாவும் கத்தரிக்கோலுக்கு ஓய்வு கொடுப்பதில்லை.

வெட்டிய தழை என்னாகிறது? தோட்டப் பராமரிப்பு பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் கையில். அவர் ஒப்பந்தத்தில் வெட்டுவதும் வாரி அப்புறப்படுத்துவதும் இருக்கும். எங்கே, எப்படி என்பது இருக்காது. டிராக்டர் கேட்டைத் தாண்டிவிட்டால் ஆலையின் கணக்கு முடிந்தது. அதன்பின் ஏரிக்கரையோ, காலி மனையோ, சர்வீஸ் சாலை ஓரமோ. காய்ந்ததும் யாராவது தீ வைப்பார்கள்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. தோட்டக் கழிவைத் தன் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்து, உள்ளாட்சி சொல்கிறபடி கழிக்க வேண்டும், எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருகிறவர்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று அவை தனியாக வகைப்படுத்தின. அதே ஆண்டு டிசம்பரில், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அபராதம் நிர்ணயித்தது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. விதி இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், அபராதத் தொகையும் இருக்கிறது. அந்தத் தழையை வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆள் இருந்தார்கள். அங்கே வேலி என்றால் கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை மழைக்காலத்தில் நெருக்கமாக ஊன்றுவார்கள், வேர்விட்டுத் துளிர்க்கும். ஆண்டுதோறும் தறிப்பார்கள். இளங்குழை ஆட்டுக்கு. மீதிக் குழை தோட்ட மண்ணுக்குள் தாழ்க்கப்படும். தடித்த கம்புகள் அடுத்த வேலிக்குக் கதியாலாகும், அதற்கும் உதவாதவை அடுப்புக்குப் போகும். கதியாலில் கட்டிய பனையோலை உக்கிப்போனால் அதையும் புகையிலைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சுண்ணக்கல் மேல் படிந்த மெல்லிய செம்மண், வற்றாத ஆறில்லாத குடாநாடு, கிணற்று நீர்ப் பாசனம் என்ற நிலையில் மண்ணுக்கு மக்கு சேர்க்காமல் பயிர் எடுக்க முடியாது. ஆகவே வேலிக்கு எந்த மரம் என்று முடிவு செய்யும்போதே, அதன் குழை யாருக்கு என்பதும் முடிவாகிவிடும்.

குடாநாட்டுக்குத் தெற்கே இதே அறிவு நிறுவன வடிவம் பெற்றது. சீமைக்கிளுவை, அதாவது கிளிரிசிடியா, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பச்சை இலையில் தழைச்சத்து மிகுதி. புதைத்தால் சில வாரங்களில் மக்கிவிடும். தென்னை வரிசைகளுக்கிடையே அதை நட்டு, வெட்டிப் பாத்தியில் போடச் சொல்லி லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் இலங்கை அரசு அதை அறிவித்தது. உயிரி எரிபொருள் மின்நிலையங்களும் ஆலைக் கொதிகலன்களும் விறகுக்காக அதை எடைபோட்டு வாங்குகின்றன. வேலியோரத்துக் கம்புக்கு விலை வந்துவிட்டால் அதை யாரும் குப்பையாகக் கொளுத்துவதில்லை.

இதைப் படித்து, இலங்கையைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, இயற்கை உரத்துக்கு ஒரே போகத்தில் மாறச் சொன்ன அரசு, அந்த ஆண்டு இறுதிக்குள்ளேயே பின்வாங்கியது. தழையுரம் ஆண்டுக்கணக்கில் மண்ணைத் தேற்றுகிற வேலை. அரசாணை போட்ட வேகத்தில் அது நடக்காது. யாழ்ப்பாணத்திலும் இப்போது கதியால் இருந்த இடத்தில் மதில்கள் எழுகின்றன. மதிலுக்குள் வருவது அழகுச்செடி. அதன் தழை ஆட்டுக்கும் ஆகாது, தோட்டத்துக்கும் போகாது. அங்கேயும் ஓசூர் தொடங்கிவிட்டது.

தழையை மண்ணுக்குத் திருப்பும் பழக்கம் ஓசூருக்கு அந்நியமானதும் அல்ல. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து ராகிக்காரர் வீட்டில் மாட்டுச்சாணமும் சருகும் தழையும் ஒரே எருக்குழியில்தான் போகும். கிளுவை, நொச்சி, ஆடாதொடை வேலிகளை இன்னும் பார்க்கலாம். சிப்காட்டிலிருந்து சில கிலோமீட்டரிலேயே மக்கில்லாத செம்மண் கிடக்கிறது. ஆலையில் மிஞ்சும் தழையும் வயலில் கேட்கும் எருவும் சந்திக்காமலே இருக்கின்றன.

சந்திக்க வைப்பதில் சிக்கல் உண்டு. துரந்தாவின் பழமும் இலையும் நஞ்சு. ஆட்டுக்குப் போட முடியாது. குச்சியோடு கிடக்கிற தழை மக்க ஓராண்டுக்கும் மேலாகும். கரி அதிகம், தழைச்சத்து குறைவு. துண்டாக்கும் இயந்திரத்தில் விரலளவாக நறுக்கி, கரிக்கும் தழைச்சத்துக்கும் 25 முதல் 30க்கு 1 என்ற விகிதம் வரும்படி சாணம், கேன்டீன் காய்கறிக் கழிவு, வெட்டிய புல் சேர்த்து, ஈரம் குறையாமல் புரட்டிவிட்டால் குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். மூன்று நான்கு மாதத்தில் உரம். கேன்டீனும் புல்வெளியும் உள்ள ஆலைக்கு இந்தக் கலவையில் வெளியிலிருந்து வாங்க வேண்டியது சாணம் மட்டும்தான்.

ஆலைக்கு வெளியே, இதைவிடக் கடினமானது ரோஜாத் தழை. பாகலூர், தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14 காதலர் தினச் சந்தைக்காக டிசம்பரில் கவாத்து நடக்கும். அந்த முள்தண்டில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கலாம். அதை ஆலைத் தழையோடு கலப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தனியே நறுக்கி, தனியே சூடேற்றி மக்கவைத்து, பூப்பாத்திகளுக்கே திருப்ப வேண்டும்.

எந்தச் செடியை நடுகிறோம் என்பதை மறந்தால் விலை அதிகம். தோட்ட அழகுக்காகவும் வேலிக்காகவும் வெள்ளையர் காலத்தில் இரு நாட்டுக்கும் வந்ததுதான் உண்ணிச்செடி. இன்று ஓசூர் வனக்கோட்டத்திலும் இலங்கையின் உடவளவைப் பூங்காவிலும் யானையின் புல்லை அது தின்றுகொண்டிருக்கிறது. அயல் செடிகளை அகற்ற 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. கிளிரிசிடியாவும் அயல் மரம்தான். ஓசூர்க் குளிரில் இலை உதிர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மதிலோரத்துக்கு நம் கிளுவையும் நொச்சியும் போதும், பின்பக்கத்துப் பசுமைப் பட்டைக்குப் புங்கன். புங்கந்தழையை வயலில் மிதித்து உழுவது தமிழ்நாட்டு விவசாயத்தின் பழைய வழக்கம்.

ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு வரி சேருங்கள்: வெட்டிய தழை வளாகத்தை விட்டு உரமாகத்தான் வெளியேற வேண்டும்; பட்டுப்போகும் ஒவ்வொரு துரந்தாவின் இடத்திலும் மண்ணுக்கோ ஆட்டுக்கோ உதவுகிற ஒரு செடி நட வேண்டும்.